"திருப்பிக் கட்ட வேண்டாத 20 லட்சம் கிராண்ட்" வாங்கித் தரேன்னு ஒருத்தர் சொல்றாரு, நம்பலாமா சார்?

தருமபுரி மாவட்டத்துல இருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்கு கடிதம் எழுதியிருக்காங்க. அடையாளம் தெரியற விஷயத்தை எல்லாம் எடுத்துட்டு சாரத்தை மட்டும் சொல்றேன். வயசு 34. பெங்களூர்ல ஐடி வேலையை விட்டுட்டு ஊருக்கு வந்து முளைகட்டின ராகி மாவு, சாமை தினை தோசை மிக்ஸ் எல்லாம் வீட்டுலயே பண்ணி வாட்ஸ்அப்ல, பெங்களூர் அபார்ட்மென்ட் குரூப்கள்ல விக்கறாங்க. மாசம் 75,000 வரைக்கும் விற்பனை, செலவு போக 22,000 நிக்குது. ஃபுட் சேஃப்டி பதிவு இருக்கு, சின்ன தொழில்களுக்கான உத்யம் பதிவும் இருக்கு, நகையை வச்சு 1,80,000க்கு மாவு அரைக்கற ஒரு பல்வரைசர் வாங்கியாச்சு. இப்ப வறுக்கற ரோஸ்டர், கல் நீக்கற மிஷின், பேக்கிங் மிஷின் எல்லாம் 16 லட்சம், ஷெட் வேலை 4 லட்சம், சரக்கு வாங்க கைமுதல் 2 லட்சம்னு 22 லட்சத்துக்கு திட்டம் போட்டிருக்காங்க. இன்ஜினியரிங் முடிச்ச தம்பி இன்னொரு பக்கம், ராகி முளைகட்டும்போது ஈரத்தையும் சூட்டையும் சென்சார் வச்சு தானா பாத்துக்கற ஒரு பெட்டி பண்ணிக்கிட்டிருக்கார்.

இந்த நேரத்துல ஃபேஸ்புக் விளம்பரம் பாத்து ஒரு கன்சல்டன்ட்டுக்கு போன் பண்ணியிருக்காங்க. திருப்பிக் கட்டவே வேண்டாத 20 லட்சம் கவர்ன்மென்ட் கிராண்ட், டெல்லியில ஆள் இருக்கு, உடனே பிரைவேட் லிமிடெட் கம்பெனி பதியணும், கட்டணம் 35,000, பணம் வந்ததும் 8 பர்சென்ட். 15,000 ஜிபேல போயாச்சு, இப்ப கையெழுத்து போட்ட வெறும் செக் ரெண்டு கேக்கறாராம். கேள்விங்க இதுதான்: இந்த கிராண்ட் உண்மையா, கம்பெனி பதியணுமா, மாமனார் நிலத்தை பேங்க்ல வைக்கணுமா, கோயம்புத்தூர் மிஷின் டீலர் இந்த மாசத்துக்குள்ள 1 லட்சம் அட்வான்ஸ் கேக்கறாரே கட்டலாமா.

சகோதரி, அவசரமானது அந்த செக், அதனால அதுல இருந்து ஆரம்பிக்கறேன்.

செக் குடுக்காதீங்க

கையெழுத்து போட்ட வெறும் செக் எந்த அரசுத் திட்டத்துலயும் இடையில இருக்கற ஆளுக்கு தேவைப்படாது. அவர் தொகையை எழுதி பேங்க்ல போட்டு, பணம் இல்லன்னு திரும்பி வந்தா, செக் பவுன்ஸ் கேஸ் உங்க மேலதான் வரும், அப்புறம் "நான் சும்மா நம்பிக் குடுத்தேன்"னு கோர்ட்ல நிரூபிக்கற வேலை உங்க தலையில. ஆதார் ஓடிபி ஏற்கனவே ஏதாவது சொல்லியிருக்கீங்களா, டிஜிட்டல் கையெழுத்து எடுக்கறேன்னு வீடியோ எடுத்தாரா, யோசிச்சுப் பாருங்க. எடுத்திருந்தா அந்த டிஜிட்டல் கையெழுத்து இருக்கற பென்டிரைவ் மாதிரி டோக்கனை கையோட வாங்கிடுங்க, உங்க பேர்ல ஏதாவது கம்பெனி பதிவு ஆகியிருக்கான்னு ஒரு ஆடிட்டரை வச்சு பாத்துடுங்க.

15,000க்கு என்ன பண்றது? வேலை வேண்டாம், பணத்தை திருப்பிக் குடுங்கன்னு வாட்ஸ்அப்லயும் மெயில்லயும் எழுத்துல கேளுங்க, போன்ல சண்டை போடாதீங்க, போன் பேச்சுக்கு ஆதாரம் இருக்காது. தரலைன்னா நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கு. ஆள் நம்பரை மாத்திட்டு காணாம போனா 1930க்கு சைபர் கிரைம் புகார். முழுசா வருமான்னா வராமலும் போகலாம், ஆனா மிச்சம் 20,000 போகாது. எல்லா கன்சல்டன்ட்டும் ஃபிராடுன்னு நான் சொல்லல, நல்லா ப்ராஜெக்ட் ரிப்போர்ட் போடறவங்க இருக்காங்க, அவங்க வேலைக்கு கூலி வாங்குவாங்க, அவ்ளோதான். வர்ற மானியத்துல பங்கு கேக்கறவரும் "உள்ள ஆள் இருக்கு"ன்னு சொல்றவரும் வேற ஜாதி.

கிராண்ட்னு எல்லாரும் சொல்றாங்களே, அது எது

உங்க கடிதத்துல கிராண்ட், மானியம், சீட் ஃபண்ட் (புது கம்பெனிக்கு தர்ற ஆரம்பப் பணம்) மூணையும் ஒண்ணாவே எழுதியிருக்கீங்க. நிறைய பேர் அப்படித்தான் நினைக்கறாங்க, அந்த குழப்பத்துலதான் இந்த மாதிரி ஆளுங்க பிழைப்பே ஓடுது.

மாவு மில், தறி, ஒர்க்‌ஷாப் மாதிரி தெரிஞ்ச தொழிலுக்கு அரசாங்கம் குடுக்கறது மானியம். அது கடனோட ஒட்டிக்கிட்டு வரும். பேங்க் லோன் சேங்ஷன் ஆனாத்தான் மானியம், அதுவும் உங்க கைக்கு வராது, பேங்க்லயே தனியா போட்டு வச்சு 3 வருஷம் கழிச்சு, தொழில் ஓடுது, தவணை ஒழுங்கா வருதுன்னா கடன்ல கழிச்சுக்குவாங்க. நடுவுல தவணை நின்னு கணக்கு என்பிஏ (வராக்கடன்) ஆச்சுன்னா மானியமும் போச்சு.

நிஜமாவே திருப்பிக் கட்ட வேண்டாத பணம் உண்டு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா அது இதுவரைக்கும் இல்லாத ஒரு பொருளை, ஒரு தொழில்நுட்பத்தை உருவாக்கறவங்களுக்கு. அதுவும் மொத்தமா வராது, இவ்ளோ வேலை முடிச்சா இவ்ளோன்னு தவணை தவணையா வரும், ஒவ்வொரு தவணைக்கும் எதுக்கு செலவு பண்ணீங்கன்னு ஆடிட்டர் கையெழுத்தோட யூசி, அதாவது செலவு சான்றிதழ் குடுக்கணும். ரோஸ்டர் வாங்க, ஷெட் போட, நகையை மீட்க இந்தப் பணம் வராது.

அதனால எந்தத் திட்டத்துல பணம் இருக்குன்னு தேடறதுக்கு முன்னாடி, நீங்க நடத்தறது தெரிஞ்ச தொழில் பண்ற யூனிட்டா, புதுசா ஒண்ணை உருவாக்கற ஸ்டார்ட்அப்பான்னு முடிவு பண்ணணும். உங்க வீட்டுல ரெண்டும் இருக்கு. உங்க மாவு மில் ஒரு யூனிட். தம்பி பண்ற பெட்டி ஸ்டார்ட்அப் ஆகலாம். அந்த கன்சல்டன்ட் ரெண்டையும் ஒரே ஃபைல்ல போட்டு தைக்கப் பாத்திருக்கார், அப்படிப் போனா ரெண்டு கதவும் மூடிக்கும்.

உங்க மில்லுக்கு

பிஎம்ஈஜிபி, அதாவது பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் பத்தி கேட்டிருந்தீங்க. நல்ல திட்டம்தான், உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரைக்கும் ப்ராஜெக்ட் போடலாம், கிராமத்துல பெண்கள் பேர்ல 35 பர்சென்ட் மானியம், கைப்பணம் 5 பர்சென்ட் இருந்தாப் போதும். ஆனா அதுல முதல் தடவை கடன் புதுசா ஆரம்பிக்கற யூனிட்டுக்கு மட்டும். நீங்க உத்யம் வாங்கி, ஃபுட் சேஃப்டி நம்பர் போட்டு பாக்கெட் வித்துக்கிட்டிருக்கீங்க. "அதை சொல்லாம புதுசுன்னு போட்டுக்கலாம்"னு அந்த ஆள் சொன்னதா எழுதியிருக்கீங்களே, வேண்டவே வேண்டாம். பின்னாடி நேர்ல வந்து பாப்பாங்க, பழைய பாக்கெட்டும் பழைய பதிவும் மாட்டிக்கும், மானியத்தை திருப்பி வாங்கறதோட பொய்யான தகவல் குடுத்த பிரச்சனையும் சேரும். இன்னொண்ணு, இது தனிநபருக்கான திட்டம், பிரைவேட் லிமிடெட் பேர்ல போட முடியாது. கம்பெனி பதியச் சொல்லிட்டு பிஎம்ஈஜிபியும் வாங்கித் தரேன்னு அவர் சொன்னதுலயே தெரியலையா?

உங்களுக்கு பொருந்தறது பிஎம்எஃப்எம்இ, அதாவது பிரதமரின் குறு உணவு பதப்படுத்தும் நிறுவனங்களுக்கான திட்டம். 2020 ஜூன்ல ஆரம்பிச்சது, மத்திய அரசு 60, மாநில அரசு 40னு பணம் போடற திட்டம். ஏற்கனவே ஓடற சின்ன யூனிட்டை பெருசாக்கறதுக்கும் தருவாங்க, முக்கியமா இதுக்காகத்தான் இதை சொல்றேன். 35 பர்சென்ட் மானியம், உச்சவரம்பு 10 லட்சம், கைப்பணம் 10 பர்சென்ட் போடணும். ஒரு குடும்பத்துல ஒருத்தருக்குத்தான், அதனால வீட்டுக்காரர் பேர்ல ஒண்ணு உங்க பேர்ல ஒண்ணுன்னு யோசிக்காதீங்க. நிலத்துக்கு கிடையாது, கட்டட வேலை மொத்தத்துல 30 பர்சென்ட் தாண்டக்கூடாது, கைமுதலுக்கு மானியம் வராது. இதுக்கு மாவட்ட வள நபர்னு ஒருத்தரை போட்டிருப்பாங்க, ஆன்லைன்ல விண்ணப்பம் போடறது, ப்ராஜெக்ட் ரிப்போர்ட் பண்றது, பேங்க்ல பின்தொடர்றது எல்லாம் அவர் பாத்துக்குவார், அவருக்கு கூலி அரசாங்கமே குடுக்குது. 35,000 குடுத்து வெளிய ஆள் புடிக்க வேண்டிய அவசியமே இல்ல. மாவட்ட தொழில் மையத்துலயோ வேளாண் வணிகத் துறை ஆபீஸ்லயோ போய் இந்த திட்டத்துக்கு வள நபர் யாருன்னு கேளுங்க, இந்த நிதி வருஷத்துக்கு விண்ணப்பம் வாங்கறாங்களான்னும் அங்கயே கேட்டுக்கோங்க.

22 லட்சம் வேணுமா?

இதுதான் உங்க கடிதத்துல என்னை ரொம்ப யோசிக்க வச்ச இடம். நீங்க கேக்காத கேள்வி, ஆனா நான் சொல்லியே ஆகணும்.

கணக்கு போட்டுப் பாப்போம். கைமுதல் 2 லட்சத்தை தள்ளி வச்சா 20 லட்சம் ப்ராஜெக்ட். உங்க பங்கு 2 லட்சம், பேங்க் கடன் 18 லட்சம், மானியம் 7 லட்சம். கேக்க நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்த 7 லட்சம் கழியறது 3 வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் தவணை போய்க்கிட்டே இருக்கணும். 11 பர்சென்ட் வட்டி, 7 வருஷம்னு வச்சா 18 லட்சத்துக்கு மாசம் கிட்டத்தட்ட 30,800. உங்க கையில நிக்கறது 22,000, அதுலயும் உங்க சம்பளத்தை நீங்க கணக்குலயே எடுக்கல, நகைக்கடன் வட்டியும் எடுத்தீங்களான்னு தெரியல. மிஷின் வந்த மறுநாளே விற்பனை மூணு மடங்கு ஆகிடாது, அபார்ட்மென்ட் குரூப்ல இருக்கறவங்க அதே ஆளுங்கதான், கடைகளுக்குப் போனா அவங்க மார்ஜின் கேப்பாங்க, பணம் 45 நாள் கழிச்சுதான் தருவாங்க.

மானியம் அதிகம் வரணும்ங்கறதுக்காகவே ப்ராஜெக்டை பெருசா காட்டறது நம்ம ஊர்ல ரொம்ப சகஜம். கடன் கட்ட முடியாம என் டேபிளுக்கு வர்ற நோஞ்சான் ஃபைல்கள்ல பாதி இப்படி ஆனதுதான், மானியம் கிடைச்சவங்கதான் அவங்களும்.

என் யோசனை, முதல் கட்டத்தை 10 லட்சத்துக்குள்ள முடிங்க. பல்வரைசர் ஏற்கனவே இருக்கு. ரோஸ்டரும் கல் நீக்கற மிஷினும் அவசியம், பேக்கிங்குக்கு முழு ஆட்டோமேட்டிக் இப்ப வேண்டாம், கையால நிரப்பி சீல் பண்ற மிஷின் போதும், ஷெட்டுல தரை, கூரை, வலை, கழுவற இடம் மட்டும். 10 லட்சம்னா உங்க பங்கு 1 லட்சம், கடன் 9 லட்சம், மானியம் மூணரை லட்சம். அதே வட்டி அதே 7 வருஷத்துக்கு தவணை 15,400 சொச்சம். இதை இன்னைக்கு இருக்கற வருமானத்துலயே இழுத்துப் புடிச்சு கட்டிடலாம், மிஷின் வந்து விற்பனை கொஞ்சம் ஏறுனாலே மூச்சு விட்டுக்கலாம். பேங்க்காரங்களும் தவணையைப் போல ஒன்றரை மடங்கு வருமானம் காட்ட முடியுதான்னுதான் பாப்பாங்க, அதுக்கும் கிட்டத்தட்ட இந்த அளவுதான் நிக்கும். ரெண்டாம் கட்டத்துக்கு இதே மானியம் திரும்ப வரும்னு மட்டும் நம்பி உக்காராதீங்க, அது விற்பனை சொல்ற கணக்குப்படி நடக்கட்டும். முதல் 6 மாசம் மாரட்டோரியம் (தவணை கட்டாம இருக்கற சலுகை காலம்) கேளுங்க, கேக்காதவங்களுக்கு பல பேங்க்ல தானா தரமாட்டாங்க.

மாமனார் நிலம்

மேல சொன்ன 10 லட்சக் கணக்குல இந்தக் கேள்வியும் முடிஞ்சுடுது. குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் வரைக்கும் சொத்து அடமானம் கேக்கக்கூடாதுன்னு ரிசர்வ் பேங்க் 2010லயே சொல்லிடுச்சு. அதுக்கு மேல போனாலும் சிஜிடிஎம்எஸ்இன்னு ஒரு கடன் உத்தரவாத ட்ரஸ்ட் இருக்கு, பேங்க் அதுக்கு ஒரு ஃபீஸ் கட்டி உங்க கடனுக்கு கேரண்டி வாங்கிக்கலாம், அந்த ஃபீஸ் பெரும்பாலும் உங்க தலையிலதான் வரும். மேனேஜர் நிலப் பத்திரம் கேட்டா கோவப்படாம "சார், இதை சிஜிடிஎம்எஸ்இ கவர்ல பண்ணித் தாங்க"ன்னு கேளுங்க. முடியாதுன்னு சொன்னா காரணத்தை எழுத்துல கேளுங்க, எழுத்துல கேட்டதும் பல இடத்துல பேச்சு மாறும். அப்பவும் நடக்கலைன்னா மாவட்ட தொழில் மைய பொது மேலாளர்கிட்டயும், மாவட்ட முன்னோடி வங்கி மேலாளர்கிட்டயும் மனு குடுக்கலாம். அப்புறம் ஒண்ணு, அடமானம் இல்லன்னா கடன் கட்ட வேண்டாம்னு அர்த்தம் இல்ல. கேரண்டி பேங்க்குக்குத்தான், உங்களுக்கு இல்ல, கட்டலைன்னா உங்க மேல வழக்கும் வரும், சிபில் ஸ்கோரும் போகும்.

தம்பியோட பெட்டிக்கு

இங்கதான் நீங்க தேடற நிஜ கிராண்ட் இருக்கு, ஆனா அது உங்களுக்கு இல்ல, தம்பிக்கு. மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையோட 'நிதி பிரயாஸ்'ங்கற திட்டம், மாதிரி மிஷின் பண்றதுக்கு 10 லட்சம் வரைக்கும், கம்பெனி இல்லாத தனி ஆளும் போடலாம், பிரயாஸ் சென்டரா இருக்கற இன்குபேட்டர் (புதுசா தொழில் தொடங்கறவங்களுக்கு இடமும் வழிகாட்டலும் தர்ற மையம்) வழியாத்தான் வரும். தமிழ்நாட்டுல தொழில்முனைவோர் மேம்பாட்டு நிறுவனமான இடிஐஐ நடத்தற இன்னொவேஷன் வவுச்சர் இருக்கு, ஐடியா நிலைக்கு 2 லட்சம், அடுத்த நிலைக்கு 5 லட்சம் வரைக்கும். சிறுதானியம்ங்கறதால ஹைதராபாத்ல சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனத்துல இருக்கற நியூட்ரிஹப் இன்குபேட்டரையும், தஞ்சாவூர்ல உணவுத் தொழில்நுட்ப நிறுவனமான நிஃப்டெம்மையும் கண்டிப்பா தொடர்பு கொள்ளச் சொல்லுங்க, பணம் கிடைக்குதோ இல்லையோ அங்க இருக்கற லேபும் ஆளுங்களும் பெரிய உதவி. மைசூர்ல மத்திய உணவு ஆராய்ச்சி நிலையமான சிஎஃப்டிஆர்ஐ உங்களுக்கு பக்கம், மால்ட், அதாவது தானியத்தை முளைகட்டி காய வைக்கறதுல அவங்க ஏற்கனவே என்னென்ன பண்ணியிருக்காங்கன்னு பாக்காம பெட்டியை முடிக்காதீங்க.

மிஷின் ஓடி, நாலு மில்காரங்க வாங்கிப் பயன்படுத்தின பிறகு தமிழ்நாடு அரசோட ஸ்டார்ட்அப்டிஎன் அமைப்பு தர்ற டான்சீட் பணத்துக்குப் போகலாம். 10 லட்சம், பெண்கள் நடத்தற நிறுவனத்துக்கு 15 லட்சம். இதையும் "சும்மா தர்றாங்க"ன்னு நினைக்காதீங்க, பதிலுக்கு உங்க கம்பெனியில 3 பர்சென்ட் பங்கு எடுத்துக்குவாங்க. தப்பில்ல, வழிகாட்டலும் முதலீட்டாளர் அறிமுகமும் அதோட சேர்ந்து வருது, ஆனா தெரிஞ்சு கையெழுத்து போடணும். அதே நிலையில மத்திய அரசோட ஸ்டார்ட்அப் இந்தியா சீட் ஃபண்டும் பாக்கலாம், இப்ப விண்ணப்பம் வாங்கறாங்களான்னு முதல்ல கேட்டுக்கோங்க, மாதிரி மிஷினுக்கும் அதை சோதிச்சுப் பாக்கறதுக்கும் 20 லட்சம் வரைக்கும் கிராண்ட், அந்த கன்சல்டன்ட் சொன்ன 20 லட்சம் இதுவாத்தான் இருக்கும். விண்ணப்பக் கட்டணம் ஒரு ரூபா கிடையாது, டெல்லியில யாரும் தூக்கிக் குடுக்கறதும் இல்ல, இன்குபேட்டர்ல ஒரு குழு கேள்வி கேட்டு முடிவு பண்ணும். ராகி மாவு விக்கறோம்னு போனா முதல் கேள்வியிலயே, இதுல தொழில்நுட்பம் எங்கன்னு கேட்டு அனுப்பிடுவாங்க.

ஒரு எச்சரிக்கை. தம்பி அந்தப் பெட்டியை யூடியூப்ல போடறதா எழுதியிருக்கீங்க. முதல்ல தற்காலிக பேடன்ட் விண்ணப்பம் ஒண்ணு போடட்டும், அதுக்கப்புறம் முழு விண்ணப்பத்துக்கு 12 மாசம் டைம் இருக்கு. வெளிய காட்டிட்டு அப்புறம் பேடன்ட் கேட்டா இது புதுசு இல்லன்னு சொல்லிடுவாங்க.

கம்பெனி எப்ப பதியறது

உங்க மில்லுக்கு இப்ப தேவையே இல்ல, தனி உரிமையாளரா உத்யம்லயே ஓடட்டும். பிரைவேட் லிமிடெட் ஆனா விற்பனை ஒரு ரூபா இல்லைன்னாலும் வருஷா வருஷம் ஆடிட், கம்பெனி பதிவாளர்கிட்ட (ஆர்ஓசி) ஃபைலிங், தாமதமானா நாள் கணக்குல அபராதம். (நீங்க பதிஞ்சா எங்களை மாதிரி ஆடிட்டர்களுக்கு ஃபீஸ் வரும், இருந்தாலும் சொல்றேன்.)

தம்பிக்கு ஒரு கட்டத்துல வேணும், ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனி உரிமையாளருக்கு கிடைக்காது, பிரைவேட் லிமிடெடோ எல்எல்பியோ பதிஞ்ச பார்ட்னர்ஷிப்போ இருக்கணும். ஆனா அவசரப்பட்டு இன்னைக்கே பதிஞ்சா அதுல ஒரு நஷ்டம் இருக்கு. சீட் ஃபண்டுக்கு விண்ணப்பிக்கற நாள்ல கம்பெனிக்கு 2 வயசுக்கு மேல ஆகியிருக்கக் கூடாது. பெட்டி இன்னும் மேஜை மேல இருக்கும்போதே கம்பெனியை பதிஞ்சுட்டா அந்த 2 வருஷம் சும்மாவே ஓடிடும். மாதிரி மிஷின் முடியட்டும், அப்புறம் பதியுங்க. பங்கு யாருக்கு எவ்ளோன்னு அக்கா தம்பியா இருந்தாலும் அன்னைக்கே எழுதிடுங்க. பெண்கள் நடத்தற நிறுவனம்ங்கற 15 லட்சத்துக்காக மட்டும் உங்க பேரை மேல போட்டுட்டு வேலை எல்லாம் தம்பி பாக்கற மாதிரி வைக்காதீங்க, நேர்காணல்ல கேள்வி உங்ககிட்டதான் வரும்.

வரி பத்தியும் ஒரு வார்த்தை. மிஷினுக்கு வர்ற மானியம் மிஷின் விலையில கழியும், அதாவது தேய்மானம் குறைஞ்ச விலைக்குத்தான் போட முடியும். செலவுக்கு வர்ற கிராண்ட் பொதுவா வருமானமா வரிக்கணக்குல வரும். கிராண்ட் பணத்துக்கு தம்பி தனி பேங்க் அக்கவுன்ட் வச்சுக்கட்டும், வீட்டு செலவோட கலந்துட்டா யூசி போடும்போது யாராலயும் பிரிக்க முடியாது.

கடைசியா மிஷின் டீலர். அட்வான்ஸ் கட்டாதீங்க. பேங்க் சேங்ஷன் ஆகறதுக்கு முன்னாடி வாங்கின மிஷினை கடன் கணக்குலயோ மானியக் கணக்குலயோ சேர்க்கறது ரொம்ப கஷ்டம், நகையை வச்சு வாங்கின பல்வரைசர் இப்ப ப்ராஜெக்டுக்குள்ள வராம நிக்கறதும் அதனாலதான். அவர்கிட்ட ஜிஎஸ்டி நம்பரோட முறையான கொட்டேஷன் மட்டும் வாங்குங்க, இன்னும் ரெண்டு டீலர்கிட்டயும் வாங்குங்க. "இந்த மாசம் முடிஞ்சா விலை ஏறிடும்"னு சொன்னாருன்னா, கொட்டேஷன் எத்தனை நாளைக்கு செல்லும்னு அதுலயே எழுதித் தரச் சொல்லுங்க, 90 நாள் கேளுங்க. ஏறினா ஏறட்டும், ஏறின விலைக்கும் சேர்த்துத்தான் கடனும் மானியமும் போடுவாங்க.